தீவாந்தரம் போனவள்

ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட பிரிட்டிஷ் பெண் கைதிகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு மாடிப்படியில் கிடைத்தது ஒரு பழைய சொல். அது அந்தமான் வரை இழுத்துச் சென்றது.

ஜோகுபாளையத்தில் தண்ணீர் வரும் நாள்களில் தெரு ஐந்து மணிக்கே விழித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் குடங்கள் வரிசைக்கு வரும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து சண்டை போடும். அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவே, பழைய மதராஸ் ரோட்டுக்குப் பக்கத்தில், நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் பேட்டை இது. என்னுடையது மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர்கள் வீட்டு ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குப் பாட்டி என்றால் ஆயாதான். மாடிப்படியின் மூன்றாவது படி அவருடைய இடம். காலை வெயில் வந்து போகும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பார். மாடிக்கு யார் போனாலும் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போக வேண்டும்.

அப்போது என் கையில் இருந்தது ஒரு மொழிபெயர்ப்பு வேலை. 1788க்கும் 1853க்கும் இடையே பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட பெண் கைதிகளைப் பற்றிய சில அத்தியாயங்கள். முதல் பக்கத்திலேயே முட்டுக்கட்டை. ‘ட்ரான்ஸ்போர்ட்டேஷன்’ என்ற தண்டனைக்குத் தமிழ் என்ன? அகராதியைத் திறந்தால் ‘போக்குவரத்து’ என்கிறது. ‘ஏழாண்டுப் போக்குவரத்துத் தண்டனை’ என்று எழுதினால் சிவாஜி நகர் பஸ்தான் வாசகரின் நினைவுக்கு வரும். ‘நாடு கடத்தல்’ என்றால் அரசியல் தலைவர்கள் ஞாபகம் வருகிறார்கள். ரிப்பன் திருடிய ஒரு பெண்ணுக்கு அது பொருந்தவில்லை.

காகிதங்களுடன் படியில் உட்கார்ந்திருந்தேன். “என்னா கண்ணு, காயிதத்தப் பாத்து மொறைச்சிக்கினு இருக்க?” என்றார் ஆயா. விஷயத்தைச் சொன்னேன். ஜெயிலில் போடாமல், கப்பலில் ஏற்றி, வேறு தேசத்துக்கு அனுப்பிவிடுவதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

“தீவாந்திரம்” என்றார் ஆயா, யோசிக்காமல்.

தமிழை எம்.ஏ. வரை படித்த எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தீவாந்தர சிட்சை என்பது பழைய கச்சேரித் தமிழ். த்வீபாந்தரம், அதாவது வேறொரு தீவு, என்ற வடமொழிச் சொல் தமிழ் நாக்கில் தேய்ந்து தீவாந்தரம் ஆயிற்று. ஆனால் தமிழ்க் காதுக்கு அதில் ‘அந்தரம்’ என்பதும் சேர்ந்தே கேட்கிறது. தீவிலும் இல்லை, கரையிலும் இல்லை, நடுவில் தொங்கும் நிலை.

“ஒனக்கு எப்படித் தெரியும் ஆயா?”

“எங்க மாமியாரோட பாட்டிக்கு ஒரு தங்கச்சி. அவ தீவாந்திரம் போயிட்டா.”

“எதுக்கு?”

“அதெல்லாம் யாரு சொல்வாங்க?” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். வெயில் இன்னும் போயிருக்கவில்லை.

பட்டாளத்தின் பின்னால் வந்தவர்கள்

ஜோகுபாளையத்தின் கதை பட்டாளத்தோடு தொடங்குகிறது. திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலேயப் படை, அங்கே கொசுவையும் காய்ச்சலையும் தாங்க முடியாமல் 1809ல் பெங்களூருக்கு இடம் மாறியது. அல்சூரை ஒட்டிக் கன்டோன்மென்ட் எழுந்தது. பட்டாளம் வந்தால் அதற்குச் சோறு போட, துணி வெளுக்க, கட்டடம் கட்ட, குதிரைக்குப் புல் வெட்ட ஆள் வேண்டும். மதராஸ் மாகாணத்திலிருந்து, அதிலும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து, குடும்பம் குடும்பமாகத் தமிழர்கள் வந்தார்கள். 1881ல் மைசூர் அரசு மகாராஜா கைக்குத் திரும்பிய பிறகும் கன்டோன்மென்ட் மட்டும் 1947 வரை பிரிட்டிஷார் நிர்வாகத்திலேயே இருந்தது. ‘தம்பிகள்’ என்று பெயர் வாங்கிய மதராஸ் சாப்பர்ஸ் படையின் மையம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான் இருக்கிறது.

வந்தவர்களில் சிலருக்குச் சரித்திரத்தில் பெயர் உண்டு. ஆற்காடு நாராயணசாமி முதலியார் இன்றைய கர்நாடக உயர் நீதிமன்றமான அட்டாரா கச்சேரியைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர். அவர் 1873ல் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. ஏரிக்கரையில் திருவள்ளுவர் நிற்கிறார். 1991 முதல் 18 ஆண்டுகள் சாக்குத் துணிக்குள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்ட சிலை. தமிழர்கள் இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்டால் ஒப்பந்தக்காரர், சுபேதார், மேஸ்திரி என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாம் ஆண்கள். பெண்கள் ‘கூட வந்தவர்கள்’. ஆயாவின் மாமியாருடைய பாட்டிக்குத் தங்கையோ கூட வராதவள். எந்த வரிசையிலும் அவள் இல்லை.

பெங்களூரில் கூடாரம் அடித்திருந்த அதே மதராஸ் ராணுவத்தின் அதிகாரிகள்தான் சிங்கப்பூரிலும் அந்தமானிலும் இந்தியக் கைதிகளை மேய்த்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஜோகுபாளையத்தை உண்டாக்கிய பட்டாளம்தான் தீவாந்தரத்தையும் நடத்தியது. ஆனால் முதலில் என் மேசையில் இருந்த ஆஸ்திரேலியா.

ஒரு குல்லாய், ஒரு பெயர்

80 ஆண்டுகளில் பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கைதிகள் சுமார் 1,62,000 பேர். அதில் பெண்கள் ஏறத்தாழ 25,000. பெரும்பாலோர் திருட்டுக் கேஸ்கள். வேலை பார்த்த வீட்டில் ஒரு கவுன், கடையில் ஒரு முழத் துணி, ஒரு வெள்ளிக் கரண்டி. சாதாரணத் தண்டனை ஏழு ஆண்டு. ஏழு முடிந்தாலும் திரும்பி வரக் கப்பல் கூலி யார் கொடுப்பது? அநேகமாக யாரும் திரும்பவில்லை.

1790 ஜூனில் ‘லேடி ஜூலியானா’ கப்பல் சிட்னி துறைமுகத்துக்குள் நுழைந்தபோது கரையில் இருந்தவர்கள் பட்டினியில் இருந்தார்கள். உணவுக் கப்பலை எதிர்பார்த்து நின்றவர்களுக்கு முன்னால் இறங்கியது 200க்கும் மேற்பட்ட பெண்கள். வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அடுத்து எனக்கு வந்த தலைவலி ‘ஃபீமேல் ஃபேக்டரி’ என்ற சொல். பெண்கள் தொழிற்சாலை என்று எழுதினால் திருப்பூர் பனியன் கம்பெனி மாதிரி ஆகிவிடுகிறது. சிட்னி அருகே பாரமட்டாவில் 1821ல் புதுக் கட்டடத்துக்கு வந்த அந்த இடம், சிறை, நெசவுக்கூடம், பிரசவ விடுதி, வேலைக்காரி வேண்டுபவர்கள் வந்து பொறுக்கிக்கொள்ளும் இடம், பெண் கேட்டு வருபவர்களுக்குக் கல்யாணத் தரகு நிலையம் எல்லாமாக இருந்தது. மனைவி வேண்டும் என்று அனுமதிச் சீட்டோடு ஒருவன் வருவான். பெண்கள் அவன் முன்னால் வந்து நிற்பார்கள். இருவருக்கும் சம்மதம் என்றால் கல்யாணம். கதவுக்கு வெளியே போக அவளுக்கு அதுவும் ஒரு வழி.

எல்லோரும் பேசாமல் இருந்துவிடவில்லை. 1827 அக்டோபரில் ரொட்டியையும் சர்க்கரையையும் நிறுத்தியபோது, பாரமட்டாப் பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்ந்து ரொட்டியும் இறைச்சியும் எடுத்துக்கொண்டார்கள். பட்டாளத்தை வரவழைத்துத்தான் அடக்கினார்கள்.

இந்தப் பெண்களில் ஒருத்தி ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருக்கிறாள். பெயர் மேரி ரைபி. பையன் வேஷம் போட்டுக் குதிரை திருடியதாகப் பதின்மூன்று வயதில் தண்டிக்கப்பட்டு 1792ல் சிட்னியில் இறங்கியவள். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த தாமஸ் ரைபியை மணந்தாள். அவர் 1811ல் இறந்த பிறகு கப்பல், கிடங்கு, நிலம் என்று வியாபாரத்தைத் தானே நடத்திப் பெரும் பணக்காரி ஆனாள். அவர்கள் சிட்னி வீட்டுக்கு வைத்த பெயர் என்டாலி. கல்கத்தாவில் இருக்கிற அதே என்டாலிதான்.

இன்னொரு சாட்சி ஒரு போர்வை. 1841ல் ‘ராஜா’ என்ற கப்பலில் 180 பெண் கைதிகள் டாஸ்மேனியாவுக்குப் போனார்கள். எலிசபெத் ஃப்ரையின் பெண்கள் சங்கம் கொடுத்த துணித் துண்டுகள், ஊசி, நூலைக் கொண்டு பயணத்தின்போது அவர்கள் தைத்தது 2,815 துண்டுகள் சேர்ந்த ஒரு போர்வை. 1989 முதல் அது கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் ஆஸ்திரேலியர்கள் எப்போதும் கொண்டாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேல் ‘கைதிக் கறை’ என்று மறைத்தார்கள். குடும்பப் பைபிளில் பக்கத்தைக் கிழித்தவர்கள் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் பேரப்பிள்ளைகள் ஆவணக் காப்பகங்களுக்குப் படையெடுத்தார்கள். வெட்கம் மெல்ல மெல்லப் பெருமை ஆயிற்று. டாஸ்மேனியக் கலைஞர் கிறிஸ்டினா ஹென்ரி, கப்பலேற்றப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு துணிக்குல்லாய் தைக்கச் சொல்லி உலகெங்கும் கேட்டார். ஒவ்வொரு குல்லாயிலும் ஒரு பெண்ணின் பெயர், அவள் வந்த கப்பலின் பெயர். 25,000க்கும் மேற்பட்ட குல்லாய்கள் சேர்ந்தன. ஹோபார்ட்டில் பெண்கள் அடைக்கப்பட்டிருந்த கேஸ்கேட்ஸ் வளாகத்தை 2010ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

குல்லாய் அத்தியாயத்தை முடித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாவது படியில் உட்காரும் ஆயாவின் குடும்பத்துப் பெண்ணுக்கு யார் குல்லாய் தைப்பார்கள்?

எண்பதில் ஒருத்தி

தீவாந்தரம் என்றதும் தமிழர்களுக்கு ஒரு காட்சி நினைவுக்கு வரும். மருது பாண்டியர்கள் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றப்பட்ட பாளையக்கார வீரர்கள். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியும் அதில் ஒருவர். அவர்களைப் பற்றிப் புத்தகம் உண்டு, மேடைப் பேச்சு உண்டு. வீரர்களின் கப்பலை நாம் மறக்கவில்லை.

சாதாரணக் கைதிகளும் அதே கடலில்தான் போனார்கள். பினாங்கு, சுமத்ராவின் பென்கூலன், மலாக்கா, சிங்கப்பூர், பர்மாக் கரையின் மௌல்மீன், மொரீஷியஸ் என்று கம்பெனிக்குக் கூலியில்லாத ஆள் தேவைப்பட்ட இடமெல்லாம் போனார்கள். ரோடு போட்டார்கள், காடு வெட்டினார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள். ஆயுள் தண்டனைக்காரர்களின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1849 வரை சட்டத்தில் இருந்தது.

1824 உடன்படிக்கையின்படி பென்கூலன் டச்சுக்காரர்கள் கைக்குப் போனதும் அங்கிருந்த இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார்கள். முதல் கப்பல் ‘ஹொரேஷியோ’, 1825 ஏப்ரல் 18ல் வந்தது. அதில் இருந்தவர்கள் மதராஸ் மாகாணத்திலிருந்து தண்டிக்கப்பட்ட 80 பேர். அந்த 80 பேரில் பெண் ஒருத்தி. ஆயுள் தண்டனை.

சிங்கப்பூர்க் கைதிகளைக் கண்காணித்த மேஜர் மெக்நேர் மதராஸ் பீரங்கிப் படைக்காரர். 1899ல் வெளியான அவருடைய புத்தகத்தில் இந்தக் கணக்கு வருகிறது. ஒருத்தி என்ற எண்ணிக்கையாகத்தான் அவள் அதில் இருக்கிறாள். 79 ஆண்களுக்கு நடுவே கப்பலில் அவள் எங்கே படுத்தாள், யாரோடு பேசினாள், என்ன மொழியில் அழுதாள் என்று கேட்டுப் பார்ப்பதோடு சரி.

சிங்கப்பூருக்குப் போகிற தமிழர்கள் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் திரும்புவதில்லை. கொஞ்சம் தள்ளி இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் ஒரு முறை பார்க்கலாம். வெள்ளை வெளேரென்ற அந்தக் கட்டடத்தை 1856லிருந்து எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். வடிவமைத்த மெக்பெர்சனும் மதராஸ் பீரங்கிப் படைதான். சுவர்ப் பூச்சு ‘மதராஸ் சுண்ணாம்பு’. சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம் போன்ற கரட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்தது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு புதிதாக இருக்காது.

தெற்கு முனை

டாஸ்மேனியாவுக்குக் கடைசிப் பெண் கைதிக் கப்பல் போனது 1853ல். ஐந்தே ஆண்டு கழித்து அந்தமான் திறந்தது. 1857 கிளர்ச்சியை அடக்கிய கையோடு, 1858 ஜனவரியில் மதராஸ் காலாட்படையின் கேப்டன் ஹென்றி மேன் போர்ட் பிளேரில் கொடி ஏற்றினார். மார்ச் 10ல் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு இறங்கினார். பெண்கள் சில ஆண்டுகளிலேயே வரத் தொடங்கினார்கள். 1868ல் இதே மேன் அந்தமானின் பொறுப்புக்கு வந்து, சிங்கப்பூர்ப் பக்கத்து விதிமுறைகளை இங்கே புகுத்தினார்.

பெங்களூரிலிருந்து இன்றைக்கு அந்தமான் இரண்டரை மணி நேர விமானம். போர்ட் பிளேருக்கு 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியாகிவிட்டது. நான் போனபோது ஏர்போர்ட்டில் தமிழ் கேட்டது, அபர்தீன் பஜாரில் தமிழ் கேட்டது, ஆட்டோக்காரர் மதுரைப் பக்கம். எல்லாப் பயணிகளையும் போல முதலில் செல்லுலார் ஜெயிலுக்குப் போனேன். 1896க்கும் 1906க்கும் இடையே கட்டியது. தனித்தனி அறைகள் சுமார் 700. 1979 முதல் தேசிய நினைவுச் சின்னம். சுவரில் தியாகிகளின் பெயர்கள். சாயங்காலம் ஒளி-ஒலிக் காட்சிக்குக் கூட்டம் அலைமோதுகிறது. சுதந்திரத்துக்காகச் செக்கிழுத்தவர்களுக்கு இந்த மரியாதையெல்லாம் உரியதுதான்.

மறுநாள் காலை ஆட்டோக்காரரிடம் சவுத் பாயின்ட் போகச் சொன்னேன். “அங்க என்ன மேடம் இருக்கு? கார்பைன்ஸ் கோவ் பீச்சுக்குப் போலாம், போற வழிதான்” என்றார். பெண்கள் ஜெயில் இருந்த இடம் என்றேன். “பொம்பளைங்களுக்குத் தனி ஜெயிலா?” என்று திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கடலோரச் சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர்.

தென்னை மரங்கள், பாறைகள், கலங்காத நீலக் கடல். எதிரே கூப்பிடு தூரத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் நடனமாடிய ராஸ் தீவு. 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. இந்தக் கரையில்தான் மதராஸ், வங்காளம், பம்பாய், ஐக்கிய மாகாணம், பஞ்சாப் என்று எல்லாப் பக்கத்துப் பெண்களும் ஒரே வளாகத்தில் நூல் நூற்றார்கள், நெய்தார்கள். கைதிகள் போட்ட துணி அவர்கள் நெய்தது.

விதிகள் இப்படி: சிறையில் ஐந்து ஆண்டு கழித்த பெண்ணுக்குக் கல்யாணத்துக்குத் தகுதி வரும். ஆண் கைதி பத்து ஆண்டு ஒழுங்காக நடந்தால் ‘செல்ஃப் சப்போர்ட்டர்’, அதாவது சொந்தக் காலில் நிற்பவன். அவன் கிராமத்தில் குடிசை போட்டுப் பயிர் செய்யலாம், மனைவி கேட்கலாம். அனுமதி வாங்கிக்கொண்டு பெண்கள் சிறைக்கு வருவான். பெண்கள் வந்து நிற்பார்கள். இருவருக்கும் சம்மதம் என்றால் அதிகாரி பதிந்துகொள்வார். கல்யாணம் செய்துகொண்ட பெண், புருஷனுக்கும் விடுதலை கிடைத்தால், 15 ஆண்டில் அவனோடு தீவை விட்டுப் போகலாம். தனியாகவே இருந்தால் 20 ஆண்டு.

படிக்கும்போதே பாரமட்டாவின் கதவு கண்முன் வந்தது. அதே வரிசை, அதே சம்மதம், அதே கணக்கு. ஆண் கைதிகள் ஒழுங்காக இருக்கப் பெண் வேண்டும், அதற்குப் பெண் கைதி சரியான மருந்து என்று ஒரே அரசாங்கம் இரண்டு இடத்திலும் நினைத்தது.

ஒரு விஷயத்தில் வித்தியாசம் உண்டு. பாரமட்டாவுக்குப் போனவர்கள் பெரும்பாலும் துணி திருடியவர்கள். அந்தமானுக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் கொலைக் கேஸ். புருஷனைக் கொன்றவர்கள், பிறந்த குழந்தையைக் கொன்றவர்கள். இந்திய தண்டனைச் சட்டம் 1862ல் நடைமுறைக்கு வந்தபோது கொலைக்குத் தூக்கு அல்லது ஆயுள் தீவாந்தரம் என்று வைத்தது. குழந்தையைக் கொன்றவர்களில் இளம் விதவைகள் நிறையப் பேர். விதவைகள் மறுமணம் செய்யலாம் என்று 1856லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்த வீடுகள் மிகக் குறைவு. வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் விதவைக்கு வீட்டிலும் இடமில்லை, ஊரிலும் இடமில்லை. அவளைக் கைவிட்ட ஆண் கச்சேரிப் படியே ஏற வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஒருத்தியின் பெயர் நமக்குத் தெரியும். 1881ல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற பிராமண விதவைக்கு, குழந்தையைக் கொன்றதற்காகத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அப்பீலில் அது தீவாந்தரமாகக் குறைந்தது. அந்த வழக்கை ஒட்டிப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதைப் பார்த்துக் கொதித்த தாராபாய் ஷிண்டே, 1882ல் மராத்தியில் ‘ஸ்திரீ புருஷ துலனா’ என்ற நூலை எழுதினார். குற்றத்தில் ஆணின் பங்கு எங்கே போயிற்று என்பதுதான் அவர் கேள்வி. ஒரு புத்தகம் எழுந்ததால் விஜயலட்சுமிக்குப் பெயர் இருக்கிறது. புத்தகம் எழாத மற்றவர்கள் கழுத்தில் தொங்கிய மரச்சீட்டின் எண்ணாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் அவர்கள் பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளின் வம்சத்துக்கு அந்தமானில் ‘லோக்கல் பார்ன்’ என்று பெயர். மண்ணில் பிறந்தவர்கள். ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்த 1942க்கு முன்பே அங்கே வேர் விட்டவர்கள் என்பதால் ‘ப்ரீ ஃபார்ட்டி டூ’ குடும்பங்கள் என்றும் சொல்வார்கள். மதராஸ் அம்மாவுக்கும் பஞ்சாப் அப்பாவுக்கும் பிறந்த பிள்ளை வீட்டில் பேசியது இந்துஸ்தானி. ஊரில் அடிதடி வரை போகும் சாதி, அங்கே கல்யாணப் பந்தியில் கரைந்துபோயிற்று. 1901 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதிய தலைமை ஆணையர் ரிச்சர்ட் டெம்பிளுக்கே இவர்களுடைய சாதிக் கலப்பு தனியாக எழுத வேண்டிய விஷயமாகப் பட்டது.

அபர்தீன் பஜார் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையைச் சந்தித்தேன். லோக்கல் பார்ன் குடும்பம். கொள்ளுத் தாத்தாவின் ஊர், மாவட்டம், கேஸ் எல்லாம் சொன்னார். கொள்ளுப் பாட்டி? கொஞ்ச நேரம் யோசித்தார். “மதராஸ் பக்கம்” என்றார். அவ்வளவுதான். மதராஸ் பக்கம் என்றால் அன்றைக்கு கஞ்சாமிலிருந்து திருநெல்வேலி வரை. வெளியே வரும்போது தட்டில் முறுக்கு மாதிரி ஒன்றை நீட்டினார். வீட்டில் வழிவழியாகச் செய்வது, பெயர் தெரியாது என்றார். எனக்கு அது நம் ஊர் முள்ளு முறுக்கு மாதிரியே இருந்தது. அதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. இரண்டு எடுத்துச் சாப்பிட்டேன்.

மூன்றாவது படி

1945ல் அந்தமான் கைதிக் குடியிருப்பு மூடப்பட்டது. 1955ல் வந்த திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டத்தில் ‘தீவாந்தரம்’ இருந்த இடத்தில் ‘ஆயுள் சிறை’ என்று போட்டது. அந்தத் தண்டனைச் சட்டத்தையே 2024 ஜூலையில் மாற்றிவிட்டார்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத சொல் ஜோகுபாளையத்து மாடிப்படியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தெற்கு முனை, நெசவு, ஐந்து வருஷம், வரிசையில் நிற்பது, சம்மதம் கேட்பது. விதவைகள் விஷயத்துக்கு வந்தபோது ஆயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவளும் தாலியறுத்தவதான்” என்றார்.

நான் பேசவில்லை. குழாயடியில் யாரோ குடத்தை மாற்றிவைத்தார்கள்.

“பதினாறு வயசுன்னு எங்க மாமியாரு ஒரே ஒரு தடவ சொன்னாங்க. அப்புறம் வாயே தொறக்கல.”

“பேரு தெரியுமா ஆயா?”

“எங்க வூட்ல பேரெல்லாம் சுத்திச் சுத்தி வரும் கண்ணு. பாட்டி பேரு பேத்திக்கு, அத்த பேரு மருமவளுக்கு. அவ பேர மட்டும் யாருக்கும் வெக்கல. அப்புறம் எப்படித் தெரியும்?”

ஒரு பெண்ணை ஊரைவிட்டுக் கப்பலேற்றியது சர்க்கார். அவள் பெயரைக் குடும்பத்தைவிட்டுக் கப்பலேற்றியது யார் என்று நான் ஆயாவிடம் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

ஆஸ்திரேலியர்களுக்கும் வெட்கம் தெளிய நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அங்கே தேடியவர்கள் போனவர்களின் பேரப்பிள்ளைகள். இங்கே தேட வேண்டியவர்கள் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். மதராஸ் பக்கம் என்று மட்டும் தெரிந்த அந்தமான் வீடுகள், தீவாந்தரம் போய்விட்டாள் என்று மட்டும் தெரிந்த ஆற்காட்டு, தஞ்சாவூர், திருநெல்வேலி வீடுகள். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒரு வாக்கியம் தெரிந்த கடைசி ஆள், படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆயாவாகத்தான் இருப்பார். கேட்டால் சொல்வார். முதல் தடவை உள்ளே எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான்.

வெயில் படியைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஆயா கைத்தடியை ஊன்றி எழுந்தார். எழுந்தவர் நின்று, என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“அங்க போயி கல்யாணம் கட்டுனவளுங்களுக்குப் புள்ள பொறந்துச்சா?”

“பொறந்துச்சு ஆயா. பேரன் பேத்தியெல்லாம் இருக்காங்க. ஒரு டீச்சரம்மாவப் பாத்துட்டு வந்தேன்.”

“பள்ளிக்கூடத்து டீச்சரா?”

“ஆமா.”

“அப்ப சரி” என்று உள்ளே போனார் ஆயா.